இரண்டாம் சாவி

பிப்ரவரி 6: முன்பணம், ஆளுக்கு 20,000.
மார்ச் 12: மீதி, ஆளுக்கு 78,500.
ஏப்ரல் 2: இரும்புக் கைப்பெட்டி ஒன்று, 940.
ஏப்ரல் 2: பூட்டு இரண்டு, 610.
மே 14, 2012: புறப்பாடு.
மே 17: டாக்ஸி, அந்த ஊர்க் காசில் 38.

கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாம் திட்டம் போட்டுச் செய்த செலவு.

வங்கி ஓய்வூதியர் சங்கத்திலிருந்து, வீட்டவரையும் சேர்த்து, பதினொரு பேர் வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் கேஷியர். வேலையை விட்டு நான்கு வருஷமாகியும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பார். "நீங்க இழுக்கிற இழுப்புல ஒருநாள் கதவே கையோட வந்துடும். திருடனுக்கு வேலை மிச்சம்" என்பாள் மனைவி.

அவருடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி ஒரு சாவியோடு கழிந்தது. வங்கியின் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி கேஷியரிடம், இன்னொன்று அக்கவுன்டன்டிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் சாவியை மற்றவர் கையால் தொடக்கூடாது. பத்தொன்பது வருஷம் காலையிலும் மாலையிலும் அந்தக் கதவுக்கு முன்னால் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். கிளையில் இருந்தவர்கள் கேஷியருக்கு ஒண்ணாம் சாவி என்றும், அக்கவுன்டன்டுக்கு ரெண்டாம் சாவி என்றும் பட்டப் பெயர் வைத்திருந்தார்கள்.

சாவியை ஒப்படைத்த முதல் நாளில் அப்போதிருந்த மேலதிகாரி இருவரையும் உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல டீ குடிக்க ஆரம்பிச்சா, அப்புறம் அது ரெண்டு சாவி இல்ல, ஒரே சாவி. புரியுதா?" வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். இவர்கள் இருவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மற்றவர் சுவர் ஓரம் போவார். அக்கவுன்டன்டின் மனைவி இறந்தபோது கேஷியர் போய் வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். மறுநாள் காலை ஸ்ட்ராங் ரூம் வாசலில், "திறக்கலாமா சார்?" என்று வழக்கம்போலக் கேட்டார். "திறக்கலாம் கேஷியர்" என்று வழக்கம்போலப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

சுற்றுலாவுக்கு முன் நடந்த கூட்டத்தில், அந்த நாடுகளில் ஜேப்படி அதிகம், பாஸ்போர்ட் போனால் திண்டாட்டம் என்று கூட வரப்போகிற கைடு பெண் எச்சரித்தாள். உடனே கேஷியர் எழுந்தார். எல்லா பாஸ்போர்ட்டும் ஒரே பெட்டியில் இருக்கட்டும், பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி தன்னிடம், இன்னொன்று அக்கவுன்டன்டிடம் என்றார். அக்கவுன்டன்ட் மூலையிலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். அவர்களோடு வந்த பழைய மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரிடையர் ஆகியும் உங்க ரெண்டு பேர் இடுப்பும் சாவி இல்லாம இருக்க மாட்டேங்குதே!" ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தைக் காபந்து செய்தே நரைத்த கூட்டம் அது.

முதல் வில்லங்கம் விமான நிலையத்திலேயே வந்தது. கைப்பையைச் சோதிக்கும் இயந்திரத்தில் இரண்டு பூட்டு தொங்கும் இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் நான்கு காவலர்கள் கூடிவிட்டார்கள். கேஷியர் ஒரு பூட்டைத் திறந்துவிட்டு நகர்ந்துகொள்ள, அக்கவுன்டன்ட் முன்னால் வந்து மற்றதைத் திறக்க, உள்ளே வெறும் பஞ்சும் ஒரு பேனாவும் இருந்தன. பாஸ்போர்ட்டுகள் அப்போது அவரவர் கையில் இருந்தன. காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலிப் பெட்டியப் பூட்டி எடுத்துட்டு வந்தது நாமளாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்தார் பழைய அட்டெண்டர். வாய்க்கு வந்ததை உடனே ஊருக்கெல்லாம் சேர்ப்பதால் அவருக்குத் தந்தி என்று பெயர்.

போய் இறங்கிய நகரம் கேஷியருக்குப் பிடிபடவே இல்லை. கடைக் கதவுகள் ஆளைக் கண்டதும் தாமாகத் திறந்தன. அது அவருக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. குழாய்க்குத் திருகு கிடையாது. கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும், அதற்கு மனசு வந்தால் தண்ணீர் விடும். நகரும் படிக்கட்டின் முன்னால் மனைவி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருக்க, பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. "திட்டினாக்கூடப் பரவாயில்லைங்க. இப்படிச் சும்மா நிக்கிறாங்களே, அதான் பயமா இருக்கு" என்றாள். தெருக்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஒரே சாம்பல் நிறக் கட்டடங்கள், ஒரே மாதிரி ஜன்னல்கள். மே மாதத்திலும் காற்று ஊசியாகக் குத்தியது.

நான்காம் நாள் காலை ஆற்றில் படகுச் சவாரி. முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று பலகையில் இருப்பதைக் கைடு பெண் படித்துச் சொன்னாள். அதை விட்டுவிடுகிற ஆட்களா இவர்கள்? வயதுக்குச் சான்று வேண்டுமாம். படகுத்துறைக் கட்டடத்தின் பக்கவாட்டில், ஆற்றைப் பார்த்திருந்த சலுகை ஜன்னலின் முன்னால் பெட்டி திறக்கப்பட்டது. ஒண்ணாம் சாவி, இரண்டாம் சாவி. பாஸ்போர்ட்டுகளைக் காட்டினார்கள், திரும்ப எண்ணி வைத்தார்கள், பூட்டினார்கள். கேஷியர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அக்கவுன்டன்ட் சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் படகின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார்.

மதியம் பேருந்து அவர்களை ஒரு கடைத்தெருச் சதுக்கத்தில் இறக்கிவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றரைக்குத் திரும்ப வேண்டும். ஆறே முக்காலுக்கு அடுத்த நாட்டுக்கு ரயில். அந்த ரயிலில் ஏற நிலைய வாசலிலேயே பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

மூன்றரைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். அக்கவுன்டன்ட் வரவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாம் சாவி எங்கயாவது மணி பார்த்துக்கிட்டு நிக்கும், கரெக்டா வந்துடும்" என்றார் மேனேஜர். நாலு மணி ஆயிற்று. கைடு பெண் அவர் எண்ணுக்கு அழைத்தாள். பேருந்துக்குள்ளேயே, கடைசி இருக்கையின் வலைப்பையில் மணி அடித்தது. போன் கிடந்த இருக்கையின் மேலேயே அக்கவுன்டன்டின் கம்பளிக் கோட்டும் கிடந்தது. கோட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டை. கைடு பெண் அதை வாங்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அங்கிள், இது இதயத்துக்கு உள்ளது. மத்தியானம் ஒண்ணு போடணும்னு பேனாவால கிழமையோட எழுதியிருக்கு. இன்னைக்கு உள்ளது அப்படியே இருக்கு."



தந்தியும் இன்னும் இருவரும் கடைத்தெருவைச் சல்லடையாகச் சலித்துவிட்டு வந்தார்கள். இல்லை. கைடு பெண் காவல் துறைக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் கேட்டதையெல்லாம் திரும்பி இவர்களிடம் கேட்டாள். "என்ன வயசு? சர்க்கரை இருக்கா? இதுக்கு முன்னாடி மயக்கம் வந்திருக்கா? ஊர்ல யாருக்குச் சொல்லணும், பையனோட நம்பர் என்ன?"

எல்லோரும் கேஷியரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்தொன்பது வருஷம் பக்கத்துல நின்னவர் நீங்கதானே?" என்றார் மேனேஜர்.

அக்கவுன்டன்டின் கையெழுத்தைக் கேஷியர் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லுவார். எந்த நாளில் அந்தக் கோடு நடுங்கியது, எந்த நாளில் மை அழுத்தமாக விழுந்தது என்றுகூடச் சொல்லுவார். ஆனால் அந்த மனிதருக்கு என்ன உடம்பு, மகன் எங்கே இருக்கிறான், ஒன்றும் தெரியாது. "தெரியலம்மா" என்றார்.

நாலே முக்கால். பேருந்து அங்கே அதற்கு மேல் நிற்க அனுமதி இல்லை என்று ஓட்டுநர் கையை ஆட்டினார். மேனேஜர் எழுந்து நின்றார். "சரி, பெட்டியத் திறந்து எங்க பாஸ்போர்ட்டயாவது குடுங்க. ரயில் போச்சுன்னா பத்துப் பேருக்கும் டிக்கெட், ரூம் எல்லாம் போச்சு. டூப்ளிகேட் சாவி எங்க?"

"வீட்டுல."

"எந்த வீட்டுல?"

"ஊர்ல, நம்ம வீட்டுல. உறையில போட்டு அரக்கு வச்சு மருமககிட்ட குடுத்திருக்கேன்." சற்று நிறுத்திவிட்டு, "டூப்ளிகேட் வேற கிளையிலதான் இருக்கணும். அதான முறை" என்றார்.

"கிளையா? யோவ், கடல் தாண்டியா கிளை வைப்பாங்க?" மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. "டிரைவர்கிட்ட கடப்பாரை இருக்கும். உடைங்க."

கேஷியர் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். உடைத்துவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதரைத் தேட எவருக்கும் அவசரம் இருக்காது. "அஞ்சரை வரைக்கும் குடுங்க. அதுக்குள்ள அவர் வரலன்னா நானே உடைச்சுத் தர்றேன்" என்றார்.

"அவரு எங்க போயிருக்கப் போறாரு, சார்!" என்றார் தந்தி, அழுகையும் கோபமுமாக. "அவரு அலையற ஆளா? வச்ச இடத்துல நிக்கிற ஆளு. நீங்க பஸ் ரிப்பேராகி லேட்டா வந்தீங்களே ஒரு தடவ, அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஸ்ட்ராங் ரூம் வாசல்ல உக்காரக்கூட இல்லாம நின்னாரே. கஸ்டமர் எல்லாம் வாயில வந்ததச் சொன்னாங்க. நான் ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டேன். உக்காரல."

கேஷியர் நிமிர்ந்தார்.

அது அவர்களுக்குள் இருந்த இன்னொரு முறை. ஒரு சாவி வரத் தாமதமானால் மற்ற சாவி தேடிப் போகக்கூடாது. இருவரும் தேடிக் கிளம்பினால் கதவு அனாதையாகிவிடும். கடைசியாகச் சேர்ந்து பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்க வேண்டும். இங்கே கதவு எது? பெட்டி மடியில் இருக்கிறது. ஆனால் கடைசியாக இருவரும் சேர்ந்து பூட்டிய இடம்?

"படகுத்துறை" என்றார். "எனக்கு ஒரு டாக்ஸி பிடிச்சுக் குடும்மா. நீங்க எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போங்க."

"பெட்டிய வச்சுட்டுப் போய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

"கொண்டு வந்துடுவேன்."

"அது எப்படி? நீயும் காணாமப் போயிட்டா?"

பதில் சொன்னது மனைவி. "அவரு பூட்டுன வீட்டையே நாலு தடவ திரும்பிப் பார்ப்பாரு சார். உங்கள விட்டுட்டுப் போயிட மாட்டாரு." பிறகு கணவன் பக்கம் திரும்பி, கோட்டையும் மாத்திரை அட்டையையும் அவர் கையில் திணித்தாள். "சீக்கிரம் போங்க."

தந்தி துணைக்கு ஏறிக்கொண்டார். டாக்ஸிக்காரருக்கு இவர்கள் பேச்சு புரியவில்லை. கேஷியர் சட்டைப் பையிலிருந்து காலையில் கிழித்துக் கொடுத்த படகு டிக்கெட்டின் பாதித் துண்டை எடுத்து நீட்டினார். அதில் படகுத்துறையின் படம் இருந்தது. அந்த ஆள் சிரித்துத் தலையாட்டினார். நெரிசல். சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு விளக்கு. மீட்டரில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேஷியர் ஓடுகிற மீட்டரைப் பார்க்காமல் வெளியே பார்த்தார். நடைபாதையில் போகிற ஒவ்வொரு நரைத்த தலையும் அவராகத் தெரிந்து, கிட்டே வந்ததும் இல்லையென்று ஆயிற்று.

படகுத்துறை மூடியிருந்தது. ஷட்டர் இறக்கி, சங்கிலி மாட்டி, ஓர் ஆள் இல்லை. ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. தந்தி அங்குமிங்கும் ஓடிவிட்டு வந்து கையை விரித்தார். தன் முறையை நம்பி ஓர் உயிரோடு விளையாடிவிட்டோமோ என்று கேஷியருக்குத் தோன்றியது. மணி ஐந்து இருபது. பெட்டியைத் தரையில் வைக்கக் குனிந்தார். குனிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் பெட்டியைத் திறந்தது இந்த வாசலில் இல்லை. பக்கவாட்டில், சலுகை ஜன்னலில்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் ஓட்டம் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று.

மூடிய சிறு ஜன்னலின் முன்னால், ஆற்றுக்கு முதுகைக் காட்டி அக்கவுன்டன்ட் நின்றுகொண்டிருந்தார். வலது கை சட்டையின் உள்பைக்குள் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சாயவில்லை, உட்காரவில்லை.

"லேட்டு கேஷியர்" என்றார்.

"ஆமா சார். லேட்டுதான்."

கேஷியர் கோட்டை அவர் தோளில் போர்த்தினார். மாத்திரையை விழுங்கவைக்கத் தந்தி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். "என்ன சார் ஆச்சு? எங்க எல்லாருக்கும் உசுரே போயிடுச்சு."

"பாத்ரூம் போனேன். வெளிய வந்தா வேற ஏதோ தெரு. உள்ள போன கதவு வேற, வெளிய வந்த கதவு வேற போல. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது. கேட்டா யாருக்கும் புரியல." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ரெண்டு பேரும் தேட ஆரம்பிச்சா அவ்வளவுதான். எல்லாத் தெருவும் ஆத்தப் பாத்துச் சரிவா இருந்தது. இறங்கி வந்துட்டேன். நீங்க வருவீங்கன்னு தெரியும்."

கேஷியர் டாக்ஸி நின்ற பக்கம் கையைக் காட்டினார். தனக்கு அது அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது என்பதை எப்படிச் சொல்வது?

நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. சோதனை வாசலில் எட்டுப் பேரும் கைடு பெண்ணும் குட்டி போட்ட பூனையாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அக்கவுன்டன்டைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் உதட்டின் நிறத்தைக் கண்டு மூடிக்கொண்டார். கேஷியர் பெட்டியை மேசையில் வைத்துத் தன் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.

அக்கவுன்டன்ட் சாவியை எடுத்தார். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. சாவி துளையைத் தவறி உரசியது. இரண்டாம் தடவை உள்ளே போனது, ஆனால் திருப்ப முடியவில்லை. கையிலிருந்து நழுவித் தொங்கியது. வாசலில் இருந்த அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"யாராவது திருப்புங்கய்யா!" என்றார் மேனேஜர்.

ஒருவரும் கை நீட்டவில்லை. அந்தப் பதினொரு பேரும் வங்கிக்காரர்கள், இல்லையென்றால் வங்கிக்காரர் வீட்டவர்கள்.

"சார்" என்றார் கேஷியர் மெதுவாக. "நான் பிடிக்கட்டுமா?"

"ரூல் இல்லையே."

"இல்லதான்."

அக்கவுன்டன்ட் ஒரு கணம் பூட்டையே பார்த்தார். "சாவியத் தொடாதீங்க. என் கையப் பிடிங்க" என்றார்.

கேஷியர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் சூடு பரவ வைத்திருந்தார். பிறகு கையோடு கையாகச் சாவியைப் பிடித்துத் திருப்பினார்கள். பூட்டு சடக்கென்று விட்டது.

கடைசிப் பெட்டியில் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் ரயில் நகர்ந்தது. அக்கவுன்டன்ட் எழுந்து வேறு இருக்கை தேடப் போனார். கேஷியர், "இங்கயே உக்காருங்க சார்" என்றார். மனைவி பிளாஸ்கிலிருந்து மிச்சமிருந்த டீயை ஊற்றினாள். இருந்தது ஒரே மூடி. அக்கவுன்டன்ட் பாதி குடித்துவிட்டு நீட்ட, கேஷியர் மீதியைக் குடித்தார்.

"அய்யய்யோ, ஒரே டம்ளர்! இன்ஸ்பெக்‌ஷன் வந்துடப் போகுது" என்றாள் மனைவி. அக்கவுன்டன்ட் சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதைக் கேஷியர் அன்றுதான் பார்த்தார்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க சார். பையன் நம்பர். அப்புறம் என்னென்ன மாத்திரை, எப்பெப்ப" என்று கேட்டார். ரயில் எல்லையைத் தாண்டும்வரை எழுதினார்.

ஊர் திரும்பிய அடுத்த வருஷம் அக்கவுன்டன்ட் மகனோடு வேறு ஊருக்குப் போனார். பெட்டி கேஷியர் வீட்டு அலமாரியில், இரண்டு பூட்டும் போட்டபடி இருந்தது. இரண்டாம் சாவியை அக்கவுன்டன்ட் எடுத்துப் போயிருந்தார். அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம், "காலிப் பெட்டிக்கு எதுக்குங்க ரெண்டு பூட்டு?" என்று மனைவி கேட்பாள். "இருக்கட்டும்" என்பார். மாதம் ஒரு கடிதம் வந்தது. மகனைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எல்லாம் எழுதுவார். பத்தொன்பது வருஷம் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சு. ஒவ்வொரு கடிதமும், இரண்டாம் சாவி பத்திரமாக உள்ளது என்று முடியும்.

கடைசியாக வந்த உறையில் முகவரி வேறு கையெழுத்தில் இருந்தது. மகன் எழுதியது. அப்பா கடைசியாக அனுப்பச் சொன்னது என்று ஒரு வரி. உள்ளே பஞ்சில் சுற்றிய சாவி. கூடவே அக்கவுன்டன்டின் கையால், கோடு நடுங்கி, மை மட்டும் அழுத்தமாக விழுந்த ஒரு சீட்டு: "இரண்டாம் சாவி ஒன்று, நல்ல நிலையில், கேஷியர் வசம் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து தேவையில்லை."

கேஷியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவையில்லை என்று எழுதியிருந்தும், சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதியும் போட்டார். 17 நவம்பர் 2016, வியாழக்கிழமை.